வெண்ணாற்றங்கரை வரலாறு – 17: நஞ்சை நிலத்தின் நஞ்சு

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக்கிடக்கும்போது வண்டியை விட்டு இறங்கித் தண்டவாளத்து ஓரத்தைப் பாருங்கள். நெல் மூட்டை ஏற்ற வந்த சரக்கு ரயில் முன்னும் பின்னும் போய்த் தடம் மாறுவதற்குள் அதற்கு நேரம் நிறையக் கிடைக்கும். ஜல்லிச் சரிவில் எருக்கு நிற்கும். குப்பைமேட்டுப் பக்கம் ஊமத்தை, முள்முள்ளாகக் காய்த்திருக்கும். ஏதாவது ஒரு வீட்டு வேலியில் மஞ்சள் அரளி. தை, மாசி மாதமென்றால் வேலிமேல் ஏறிய கொடியில் நெற்று வெடித்துக் குன்றிமணி சிவந்து தெரியும். நான்கும் ஆளைக் கொல்லக்கூடியவை. நான்குக்கும் சாமியோடு உறவு உண்டு. இந்த இரண்டும் எப்படி ஒன்றாயின என்பதுதான் இந்த வாரக் கதை.

சென்ற வாரம் யமுனாம்பாள் சத்திரத்தைப் பார்த்தோம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763) காலத்தில் அரசி யமுனாம்பாள் பெயரால் இந்த ஊரே யமுனாம்பாள்புரம் என்று வழங்கியதையும் சொன்னேன். ஒரு செய்தியை மட்டும் இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன். 1801-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் தம் சத்திரங்களைப் பற்றிக் கும்பெனியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் யார் யாருக்குச் சோறு, யார் யாருக்கு வேலை என்று சொல்லி வருகிறவர், வைத்தியர்களையும் சேர்க்கிறார். நோய், வீக்கம் ஆகியவற்றோடு விஷக்கடியையும் தீர்க்கத் தெரிந்தவர்கள் அவர்கள் என்கிறார்.

சத்திரத்தில் விஷ வைத்தியர் எதற்கு? ராமேசுவரம் போகிறவர்கள் நடந்தே போன காலம் அது. வயல் நடுவே திண்ணையிலும் மரத்தடியிலும் படுத்து எழுந்து போனார்கள். பாம்பு ஒரு பயம். இன்னொரு பயம், வழித்துணையாக வந்து சேர்ந்தவன் நீட்டும் பலகாரம். ஊமத்தை விதை கலந்த பலகாரத்தைத் தின்றவன் மயங்கிக் கிடக்க, மூட்டையோடு ஆள் மறைந்துவிடுவான். இந்தியா முழுதும் வழிப்போக்கர்களுக்கு இருந்த ஆபத்து இது. 1563-இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மூலிகை நூலே இதைப் பேசுகிறது. 1856-இல் நார்மன் செவர்ஸ் எழுதிய சட்ட மருத்துவ நூலிலும் ஊமத்தைக்குப் பெரிய இடம் உண்டு.

தஞ்சாவூர் என்ற பெயரே அக்காலத்தில் ஒரு விஷ முறிவு மாத்திரையோடு சேர்ந்து வழங்கியது. 'தஞ்சாவூர் மாத்திரை' பாம்புக்கடிக்குப் பேர்போனது. பாஷாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு எல்லாம் அதில் சேர்ந்தன. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்ட பாட்ரிக் ரஸ்ஸல் இந்த மாத்திரையையும் ஆராய்ந்தார். விஷத்தை விஷத்தால் எடுப்பது என்ற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு ஆழமாக இருந்தது.

அந்த எண்ணத்துக்குக் கோயிலும் இருக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து கும்பகோணம் சாலையில் ஏழு கிலோமீட்டர் போனால் ஆலங்குடி. இன்று குருப்பெயர்ச்சிக் கூட்டத்தால் அறியப்படும் இந்தத் தலத்தின் பழைய பெயர் இரும்பூளை. சம்பந்தர் பாடிய ஊர். பூளைச்செடிதான் தலமரம். பாற்கடல் கடைந்தபோது எழுந்த ஆலகால விஷத்தை இறைவன் உண்ட இடம் என்பதால் ஆலங்குடி ஆயிற்று என்பது தலபுராணம். அதனால் இந்த ஊர் எல்லைக்குள் விஷம் யாரையும் தீண்டாது என்று நம்பியவர்கள் உண்டு.

நஞ்சுண்ட சாமிக்கு நஞ்சுப் பூவைச் சூட்டுவதில் அப்போது வியப்பென்ன?

எருக்கிலிருந்து தொடங்குவோம். எனக்கு முதலில் அறிமுகமான நஞ்சு அதுதான். பிள்ளையார் சதுர்த்திக்கு விடியற்காலையில் எருக்கம்பூப் பறிக்க அப்பாயி என்னைத்தான் அனுப்புவார். மொட்டை நசுக்கிப் 'பட்'டென்று வெடிக்கவைக்கும் ஆசையில் நான் பாதியைப் பாழாக்கிவிடுவேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே குரல் கேட்கும்: "கண்ணக் கசக்கிடாதடா. கைய மண்ணு போட்டுத் தேச்சுக் கழுவிட்டு அப்பறம் உள்ள வா." பூவைச் சாமிக்குப் போடலாம், பால் கண்ணில் படக்கூடாது. எருக்கம்பால் கருவிழியைக் கெடுக்கும் என்று மருத்துவர் சொல்லக் கேட்டபோது எனக்கு வயது நாற்பதுக்குமேல். அப்பாயி அதை எனக்கு ஆறு வயதில் சொல்லியிருந்தார்.

எருக்கின் பழமை பெரிது. காதலில் தோற்ற ஆண்மகன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறித் தெருவில் வரும்போது சூடுவது எருக்கம் மொட்டு மாலை, குறுந்தொகையில் இருக்கிறது. மானத்தை விட்டவன் சூடும் பூ. ஆனால் புறநானூற்றில் கபிலர், எளியவர் கொண்டுவரும் எருக்கையும் கடவுள் வேண்டாமென்று தள்ளமாட்டார் என்ற பொருளில் பாரியின் கொடையைப் பாடுகிறார். ஊர் ஒதுக்கியது, சாமி ஒதுக்காதது. எருக்கின் இந்த இரண்டு நிலையும் ஈராயிரம் ஆண்டாக மாறவில்லை.

நம் டெல்டாவில் எருக்குக்குத் தலைமை இடம் சூரியனார்கோயில். முதற் குலோத்துங்கன் காலத்தில் (1070–1120) எழுந்த கோயில். எருக்குத்தான் தலமரம். வடமொழியில் அர்க்கம் என்ற ஒரே சொல் சூரியனுக்கும் எருக்குக்கும் பெயர். பக்கத்துத் திருமங்கலக்குடியில் வெள்ளெருக்கு இலையில் தயிர்சாதம் வைத்து நிவேதனம் செய்கிறார்கள். தொழுநோய் வரும் என்று சபிக்கப்பட்ட நவக்கிரகங்கள் எருக்கிலையில் தயிர்சாதம் உண்டு நலம் பெற்றன என்பது கதை. இலையில் உள்ளது சோற்றில் எவ்வளவு ஊறுமோ அவ்வளவுதான் மருந்து என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கத்தில் இருக்கும் அளவுக் கணக்கைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கதை மறந்தாலும் கணக்கு மறக்கக்கூடாது.

அக்கிரகாரங்களில் எருக்குக்குக் கல்யாணமும் நடந்தது. இரண்டு மனைவியரை இழந்தவன் மூன்றாவதாக ஒரு பெண்ணை மணந்தால் அவளும் பிழைக்கமாட்டாள் என்ற பயம். அதனால் முதலில் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி அதை மூன்றாம் மனைவியாக்கிவிட்டு, வரும் பெண்ணை நான்காமவளாக்குவார்கள். அர்க்க விவாகம் என்று பெயர். எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இதைப் பதிந்திருக்கிறார். பெண்ணுக்கு வரும் சாவைச் செடி வாங்கிக்கொள்ளும் என்ற இந்தச் சடங்கைப் படிக்கும்போது, அந்த நாளில் பேறுகாலத்தில் போன இளம்பெண்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள். சடங்குக்குப் பின்னால் இருந்த துக்கம் மெய்யானது.

ஊமத்தைக்கு வருவோம். உன்மத்தம் என்றால் பித்து. அந்தச் சொல்தான் ஊமத்தை ஆயிற்று. சுந்தரரிடம் 'பித்தா' என்று பெயர் வாங்கிய சிவனுக்கு ஊமத்தம்பூ உகந்ததாயிற்று. தேவாரத்தில் அது 'மத்தம்' என்று பிறையோடும் கொன்றையோடும் சடையில் இருக்கிறது. உண்டவனுக்கு நாக்கு வறளும், கண்மணி விரியும், இல்லாத ஆளோடு பேசுவான், காற்றில் எதையோ பிடிப்பான், தெளிந்தபின் ஒன்றும் நினைவிருக்காது. சாமியாடிக்கும் பித்தனுக்கும் இடையே கோடு மெல்லியதாக இருந்த ஒரு சமூகம் இந்தச் செடியைச் சாமியின் தலையில் வைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. தலையில் வைத்தார்களே தவிர இலையில் வைக்கவில்லை. அர்ச்சனைக்கு வந்த பூ படையலுக்கு வரவில்லை. இந்தப் பிரிவு தற்செயல் அல்ல.

இங்கே ஒரு வியப்பு. ஊமத்தை இனங்களின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்று தாவரவியலார் பலர் கருதுகிறார்கள். கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்தது 1492-இல். ஏழாம் நூற்றாண்டுத் தேவாரத்தில் பூத்திருக்கும் செடி எந்தக் கடல் வழியே வந்தது? 2007-இல் பெங்களூரிலிருந்து வெளியாகும் அறிவியல் இதழ் ஒன்றில் கீதாவும் கராய்பேயும் பழைய இலக்கியம், சிற்பம் ஆகிய சான்றுகளைக் காட்டி, கொலம்பசுக்கு வெகு முன்பே ஊமத்தை இந்தியாவில் இருந்தது என்று எழுதினார்கள். வந்த வழி இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இங்கிருந்து வெளியே போன வழி மட்டும் தெளிவாகத் தெரியும். சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், மூச்சிரைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்நாட்டு முறையை அறிந்திருந்தார். அவரிடமிருந்து அதைக் கற்ற ஜெனரல் ஜென்ட் 1802-இல் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். பிறகு நூறு ஆண்டுக்குமேல் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஊமத்தைச் சுருட்டு விற்றது.

மஞ்சள் அரளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் பிந்தி வந்தது. செவ்வரளி இங்கே பழையது. மாரியம்மனுக்கும் காளிக்கும் துர்க்கைக்கும் உரிய பூ. புதிதாக வந்த மரத்துக்கும் அரளி என்றே பேர் வைத்து, அதே தட்டில் அதற்கும் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கும் ஆயிற்று. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ கூடாது என்று உத்தரவிட்டன. அரளியை மென்றதால் ஓர் இளம்பெண் இறந்ததாகச் சந்தேகம் எழுந்த சமயம் அது. நம் கோயில்களிலும் அரளி மாலையாகவே இருக்கட்டும். குங்குமத்தோடு கையில் கொடுக்கும் பிரசாதப் பூவாக வேண்டாம் என்பது என் கருத்து.

குன்றிமணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சதுர்த்திக் களிமண் பிள்ளையாருக்கு அதுதான் கண். ஓட்டுக்குள் பூட்டிய நஞ்சு. உடைந்தால்தான் வெளியே வரும். ஒன்றுக்கொன்று எடை அதிகம் மாறாததால் தட்டார் தராசில் ஏறியது. சோழர் கணக்கில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னையும் நகையையும் கல்வெட்டு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றுதான் நிறுத்துச் சொல்கிறது.

இனி மந்திரச் சடங்கு. தொல்காப்பியம் புறத்திணையில் ஒரு துறைக்குக் 'காந்தள்' என்று பெயர். வேலன் வெறியாடும் துறை அது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் அந்தக் காந்தள். கார்த்திகைப் பூ என்று நாம் சொல்வது. கிழங்கு கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு. வேதாரண்யத்து மணலில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள், அங்கே கண்வலிக் கிழங்கு. வேரிலிருந்து விதை வரை கொடிய நஞ்சு. சங்கப் பாட்டில் வரும் காட்சி இது: பெண் மெலிகிறாள், உண்ணவில்லை, உறங்கவில்லை. முருகன் அணங்கினான் என்று தாய் வேலனை அழைப்பாள். அவன் காந்தள் சூடி, கழங்கு போட்டுக் குறி பார்த்து, ஆடு வெட்டி ஆடுவான். அவளுக்கு வந்தது காதல் என்று தோழிக்குத் தெரியும். நோய் ஒன்று, வைத்தியம் வேறு. சங்கப் புலவர்கள் இதைத் தெரிந்தேதான் பாடினார்கள்.

அந்த வேலன் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறான். சோற்றில் 'மருந்து' வைத்துவிட்டார்கள் என்ற பேச்சை டெல்டாவில் கேட்காதவர் இல்லை. இடுமருந்து. புருஷனை மயக்க, மாமியாரை அடக்க, பங்காளியை ஒழிக்க யாரோ உணவில் கலந்தார்கள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆளை உருக்குகிறது என்று நம்புகிறார்கள். மருந்தெடுக்கிறவர் வயிற்றை அழுத்துவார், குழாய் வைத்து ஊதுவார், அல்லது வாயால் உறிஞ்சி ஒரு கட்டியைத் துப்பிக் காட்டுவார். எங்கள் உறவில் ஒரு பெண்மணி சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்து இளைத்துப் போனார். மருந்தெடுக்க மூன்று ஊருக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஏதோ வெளியே வந்தது. யார் வைத்தது என்ற சந்தேகத்தில் இரண்டு குடும்பம் இன்றும் பேசிக்கொள்வதில்லை. கடைசியில் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது குடல்புண் முற்றியிருந்தது. பிழைத்துக்கொண்டார். போன மாதங்களும் போன உறவும் திரும்பவில்லை.

மாந்திரீக ஏடுகள் வசியம், மோகனம், ஆகர்ஷணம், தம்பனம், பேதனம், வித்துவேடணம், உச்சாடனம், மாரணம் என்று எட்டுக் கர்மங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மூலிகை வகுக்கின்றன. கர்மங்களை நான் நம்பவில்லை. ஆனால் அவற்றின் நடைமுறையைக் கவனித்துப் பாருங்கள். செடிக்குக் காப்புக் கட்ட வேண்டும். சாபநிவர்த்தி மந்திரம் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட நட்சத்திரம். இரும்பு படக்கூடாது, ஆணிவேர் அறக்கூடாது. குரு இல்லாமல் தொட்டால் தொட்டவனையே தாக்கும். கண்டவனும் கண்ட நேரத்தில் தொடாமல் இருக்கப் போட்ட வேலி இது என்று நான் படிக்கிறேன். எழுத்தறிவு சிலருக்கே இருந்த காலத்தில் எச்சரிக்கைப் பலகையைச் செடியின் கழுத்தில் கயிறாகக் கட்டினார்கள்.

இன்று அந்தப் பலகை அரசாங்கத்தின் கையில். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் அட்டவணை ஒன்று சித்த மருத்துவத்தின் நச்சுப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அலரி, ஊமத்தை, எட்டி, கலப்பைக் கிழங்கு, குன்றி, சேராங்கொட்டை, தில்லை, நேர்வாளம் எல்லாம் அதில் உண்டு. இவை சேர்ந்த உள்மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். அதே வேரையும் விதையையும் வசியத்துக்கென்று பொட்டலம் கட்டி, ஒரு வரி எச்சரிக்கையும் இல்லாமல் விற்கிறார்கள். பழைய மந்திரவாதி கட்டிய கயிறும் இல்லை, புதிய சட்டத்தின் சீட்டும் இல்லை. இது குற்றம்.

இந்தக் கதையில் மிகப் பெரிய நஞ்சை இன்னும் சொல்லவில்லை. அது வேலியில் முளைத்ததல்ல. 1960-இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய நெல், புதிய உரம், கூடவே பூச்சிக்கொல்லி. பாலிடால் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அதற்கு நம் மக்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: மருந்து. வயலுக்கு மருந்தடிக்கிறோம் என்கிறோம். சோற்றில் வைத்ததாகச் சொல்லும் மாயத்துக்கும் மருந்து என்ற அதே சொல். பாலிடால் வருவதற்குமுன் இந்தச் சேற்றில் மிதித்த தழையுரத்தில் எருக்கும் இருந்தது. நன்செய் என்பதுதான் பேச்சில் நஞ்சை ஆயிற்று. நஞ்சு அந்தச் சொல்லுக்குள் இருந்ததில்லை, நாம்தான் நிலத்தில் ஊற்றினோம். இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகப் போய் இயற்கை வேளாண்மை பேசியபோது பூச்சிவிரட்டிக்கு இலை தேடிய விவசாயிகளுக்குப் பாடம் எளிதாக இருந்தது. ஆடு மாடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை. எருக்கும் ஊமத்தையும் நொச்சியும் மறுபடி வயலுக்கு வந்தன.

பாலிடால் வகை நஞ்சு உடம்பில் ஏறியவருக்கு ஆஸ்பத்திரியில் முதலில் போடும் ஊசி அட்ரோபின். ஐரோப்பாவில் சூனியக்காரிகளின் தைலத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட பெல்லடோனாச் செடியிலிருந்து 1830-களில் பிரித்தெடுத்தது. ஊமத்தையில் இருப்பதும் அதே குடும்பத்து நஞ்சுதான். சடையில் இருந்தது, வழிப்பறிக்காரன் கையில் இருந்தது, இப்போது சரியான அளவில் மருத்துவரின் ஊசியில் இருக்கிறது.

பாம்போ, செடியோ, வயல் மருந்தோ, விஷம் என்று சந்தேகம் வந்தால் மந்திரிப்பவரையும் மருந்தெடுப்பவரையும் தேடி ஒரு நிமிஷமும் வீணாக்காதீர்கள். கைமருந்து வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். தின்ற விதையோ இலையோ, அடித்த மருந்தின் டப்பாவோ கையில் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.